வண்டலூர் புலியும் வடநெம்மேலி முதலையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாம்பரத்தில் குடியிருக்கிறவர்களைப் போலக் கொடுத்துவைத்தவர்கள் எங்கேயும் கிடையாது. ஜி.எஸ்.டி. சாலை நெரிசல், தண்ணீர் லாரி, ஐப்பசி வந்தால் மிதக்கிற முடிச்சூர் எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். மரபணுக் கிறுக்குப் பிடித்தவளுக்கு இதைவிடத் தோதான ஊர் ஏது? மின்சார ரயிலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் வண்டலூர், அங்கே புலிகள். கேளம்பாக்கம், கோவளம் என்று சுற்றிக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் வடநெம்மேலி, அங்கே முதலைகளும் நாகங்களும். வடக்கே நாலு மைல் போனால் பல்லாவரம், அங்கே கிடைத்ததை அப்புறம் சொல்கிறேன். உயிர்களின் குலவரிசை முழுவதையும் காலை இட்லிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் பார்த்துவிட்டு வரலாம். என் மகள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "அம்மா, உனக்குப் பூங்காவிலேயே ஒரு கூண்டு கேட்கட்டுமா?" என்கிறாள். கேட்டால் நன்றாகத்தான் இருக்கும்.

அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா பழைய சொத்து. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கிவைத்தது, சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்கில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது, 1985இல் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. அறுநூறு ஹெக்டேர் புதர்க்காடு. ஆனால் அங்கே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராகப் போய் நிற்பது வெள்ளைப் புலி முன்னால்தான்.

நானும் அங்கேதான் நிற்பேன். அன்றைக்குப் பக்கத்தில் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெரியம்மா நின்றிருந்தார். "ஏம்மா, இது பனி ஊர்ப் புலியா?" என்று கேட்டார். "இல்லைங்கம்மா, நம்ம வங்கப் புலியேதான்." "அப்போ வெயில் படாம வெளுத்துப்போச்சா?" நான் வாயைத் திறந்தேன். அவர் பேரனுக்கு ஐஸ்கிரீம் வாங்க நேரமாகும்வரை மூடவே இல்லை.

விஷயம் இதுதான். 2013இல் பீக்கிங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு புலிக் குடும்பத்தின் டி.என்.ஏ.வை முழுக்கப் படித்துப் பார்த்தார்கள். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரே ஒரு மரபணுவில், அதிலும் ஒரே ஓர் இடத்தில். எஸ்.எல்.சி.45ஏ2 என்ற அந்த மரபணு கட்டுகிற புரதத்தில் 477ஆவது இடத்தில் அலனின் இருக்க வேண்டும். வெள்ளைப் புலியிடம் வாலின் இருக்கிறது. அவ்வளவுதான்! மஞ்சள் நிறமி உருவாவது நின்றுபோகிறது, கறுப்பு பெரிய அளவில் பாதிக்கப்படுவதில்லை. அதனால்தான் உடம்பு வெளுத்தும் வரிகள் வரிகளாகவே நிற்கின்றன. அப்பா ஒன்று, அம்மா ஒன்று என இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் குட்டி வெள்ளை. பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவற்றின் வம்சம் 1951இல் ரேவா சமஸ்தானத்துக் காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஆண்புலியிடம் போய் முடிகிறது. சொந்தத்துக்குள்ளேயே இணைத்து இணைத்துப் பெருக்கிய நிறம் அது. பார்க்க அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புலி இனத்தைக் காப்பாற்றும் காரியத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை என்பதையும் கூண்டுக்கு முன்னால் எழுதி வைத்தால் தேவலை.

என்னைக் கிறுகிறுக்க வைத்தது அடுத்த சங்கதி. இதே மரபணு குதிரையிடமும் இருக்கிறது; அங்கே வேறோர் இடத்தில் மாறினால் பாலேடு நிறத்தில் குதிரை பிறக்கும். கோழியிடம் இருக்கிறது, வெள்ளி இறகுக்குக் காரணம் அதுதான். மெடாகா என்ற குட்டி மீனிடமும் இருக்கிறது. மனிதரிடமும் இருக்கிறது, ஐரோப்பியர்களின் வெளுத்த தோலுக்கு அதில் வந்த ஒரு மாற்றத்துக்கும் பங்கு உண்டு. மீன், கோழி, குதிரை, புலி, மனிதன் எல்லோருக்கும் பொதுவான ஏதோ ஒரு மூதாதை கையில் இருந்த மரபணு, பல கோடி வருஷம் பல வீடு மாறியும் அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது! ஃபேர்னெஸ் கிரீம் விளம்பரம் வரும்போதெல்லாம் எனக்கு இப்போது கோழிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

கரும்புலிக் கதை இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அதில் வண்டலூருக்கும் இடம் உண்டு. வரிகள் தடித்து ஒன்றோடொன்று கலந்து முதுகே கறுத்துப்போன புலிகள் ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் இருக்கின்றன. பெங்களூரு என்.சி.பி.எஸ். நிறுவனத்தில் உமா ராமகிருஷ்ணனும் அவர் மாணவர் வினய் சாகரும் சகாக்களோடு சேர்ந்து இதற்குக் காரணம் தேடினார்கள். காட்டுப்புலியின் குடும்ப மரத்தை யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? பூங்காப் புலிக்குத்தான் அப்பா அம்மா பேர் தெரியும். நந்தன்கானனிலும் ராஞ்சியிலும் நம் வண்டலூரிலும் அப்படிக் கறுத்த குட்டிகள் பிறந்திருந்தன. அந்தப் பூங்காக் குடும்பங்களை வைத்துத்தான் டாக்பெப் என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2021இல் கட்டுரை வெளியானது. சிமிலிபாலில் அந்த மரபணுவின் பத்துப் பிரதிகளில் கிட்டத்தட்ட ஆறு இந்த மாறிய வகை. வெளியே மற்ற காட்டுப்புலிகளைச் சோதித்தபோது ஒன்றிடமும் இல்லை. சுற்றிலும் வேறு புலிக் கூட்டம் இல்லாமல் ஒரு சிறு கூட்டம் தனித்துப்போனால், அபூர்வமாக இருக்க வேண்டியது எப்படிச் சாதாரணமாகிவிடுகிறது என்பதற்குக் கண்முன் சாட்சி. பரிணாமம் என்றால் கோடி வருஷக் கணக்கு என்று நினைத்திருந்தேன். சில புலித் தலைமுறைகளிலேயே நடந்து காட்டுகிறது.

அதே டாக்பெப்தான் வீட்டுப் பூனையின் கோடுகளைச் சுழிகளாக்குகிறது, ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியின் புள்ளிகளைப் பட்டைகளாக்குகிறது. எங்கள் சேலையூர் தெருவில் மீன்காரரின் சைக்கிள் பின்னால் ஓடுகிற கோடு போட்ட பூனையை நான் இப்போது மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

சரி, வடநெம்மேலிக்கு வாருங்கள். ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணை. உள்ளே நுழைந்தால் சதுப்புநில முதலைகள் அடுக்கிவைத்த விறகு மாதிரி கிடக்கும் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள். நீங்கள் தலையை நிமிர்த்துங்கள். மேலே மரங்களில் கொக்குகளும் வக்காக்களும் கூடு கட்டிக் கூச்சல் போடும். கீழே முதலை, மேலே கொக்கு, சுவர்மேல் ஓர் ஓணான். இந்த மூன்றில் யாருக்கு யார் நெருங்கிய சொந்தம்? குழந்தைகளிடம் கேட்டால் முதலையும் ஓணானும் என்பார்கள்; எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்ததும் அதுதான், இரண்டும் ஊர்வன. உண்மையில் முதலைக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய பங்காளி பறவைதான். இரண்டு வம்சமும் ஏறக்குறைய 24 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. ஓணான் வழி அதற்கும் முன்பே பிரிந்துபோய்விட்டது. எலும்பை வைத்து இதை முன்பே சந்தேகித்தவர்கள் உண்டு. நான்கு அறை இதயம் முதலைக்கும் உண்டு, கொக்குக்கும் உண்டு, ஓணானுக்குக் கிடையாது. 2014இல் அமெரிக்க அலிகேட்டர், உப்புநீர் முதலை, நம் கங்கைக் கரியால் ஆகிய மூன்றின் மரபணுத் தொகுதியையும் படித்து வெளியிட்டபோது கணக்கு தெளிவானது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: பறவைகளின் டி.என்.ஏ. ஓடுகிற ஓட்டத்துக்கு முதலையுடையது நகரவே இல்லை என்று சொல்லலாம். எதற்கு அவசரம் என்று படுத்திருக்கிறது.

கரியால் தொட்டியின் முன்னால் நான் நிற்கும் நேரம் என்னோடு வருகிறவர்களுக்குப் பெரிய சோதனை. ஊசி போன்ற நீள மூக்கு, ஆணுக்கு மூக்கு நுனியில் சட்டி கவிழ்த்தாற்போல ஒரு முண்டு. மலேயா, சுமத்ரா, போர்னியோச் சதுப்புகளில் இதேபோல் நீள மூக்கோடு இன்னொரு முதலை உண்டு, டொமிஸ்டோமா என்று பெயர். கல்யாண வீட்டில் இருவர் ஒரே ஜாடையில் இருந்தால் நாம் என்ன கேட்போம், அண்ணன் தம்பியா என்றுதானே? எலும்பு நிபுணர்கள் பல காலம் அடித்துச் சொன்னார்கள்: சொந்தமே கிடையாது, இரண்டும் மீன் பிடித்துப் பிடித்து மூக்கு நீண்டவை, அவ்வளவுதான், டொமிஸ்டோமா மற்ற முதலைகளோடு சேர்த்தி, கரியால் டைனோசர் காலத்திலேயே தனியாகப் பிரிந்த கிளை. 1980களில் புரதங்களை ஒப்பிட்டவர்கள், பிறகு டி.என்.ஏ.வைப் படித்தவர்கள், எந்த வழியில் பார்த்தாலும் வந்த விடை வேறு: இவ்விரண்டும்தான் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. பல வருஷச் சண்டை. கடைசியில் புதைபடிவக்காரர்கள்தான் தங்கள் அலமாரியைத் திறந்து, கரியாலின் முன்னோர் என்று வைத்திருந்த எலும்புகளை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. முகத்தைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது என்ற ஜாக்கிரதையிலேயே ஏமாந்துபோனார்கள், பாவம்!

அதே வளாகத்தில்தான் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978இலிருந்து. தோல் வியாபாரத்துக்கு அரசு தடை போட்ட பிறகு பாம்பு பிடிக்கும் கைகளுக்கு வேறு வேலை வேண்டுமென்று பிறந்தது. மண்பானைகளில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். மேலே சுற்றி நின்று பார்க்கலாம். இருளர் அண்ணன் ஒருவர் பானையைத் திறந்து, நாகத்தின் தலையைப் பிடித்து, கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் பல்லைப் பதித்தார். மஞ்சள் சொட்டு. நாலு முறை விஷம் எடுத்ததும் பாம்பைக் காட்டில் விட்டுவிடுவார்களாம். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்தில் பெரும்பங்கு இங்கே எடுத்த விஷத்திலிருந்துதான். இந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேட 2017இல் இவர்களைத்தான் அழைத்துப்போனார்கள். மறுவருஷம் வெளியான ஓர் ஆய்வில், அங்கே பிடித்த சுமார் 400 பாம்புகளின் டி.என்.ஏ.வைச் சோதித்ததில் 13 பாம்புகளிடம் நம்மூர் மலைப்பாம்பின் கலப்பு தெரிந்தது. செங்கல்பட்டுக்காரர்கள் ஃபுளோரிடா போய்த் தேடிய கூட்டத்தில் நம்மூர் ரத்தமும் கொஞ்சம் ஓடியிருக்கிறது!

அந்த மஞ்சள் சொட்டுக்குள் என்ன இருக்கிறது? 2020இல் இந்திய நாகத்தின் மரபணுத் தொகுதி வெளியானது. சோமசேகர் சேஷகிரி குழுவினரின் வேலை. விஷப்பையில் 139 நச்சு மரபணுக்கள், அவற்றில் 19 அங்கே மட்டுமே தீவிரமாக வேலை செய்கிறவை. அந்தப் பத்தொன்பதைக் குறிவைத்து, குதிரை ரத்தத்தை நம்பாமல், ஆய்வகத்திலேயே மருந்து செய்ய முடியுமா என்று பார்க்கிறார்கள். குதிரைக்கு விஷம் ஏற்றி முறிவு எடுக்கும் முறை 1890களில் வந்தது. வயல் வரப்பில் கடிபட்டவருக்கு இன்றும் அதுதான் கதி, ஆகவே இது சீக்கிரம் நடக்க வேண்டும்.

ஆனால் என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்பது வேறு. நாகத்தின் நரம்பை முடக்கும் நஞ்சு புதிதாக வானத்திலிருந்து விழவில்லை. உடம்பில் வேறு வேலை பார்த்த சாதாரண மரபணு ஒன்று தவறுதலாக இரட்டித்தது. ஒரு பிரதி பழைய வேலையைக் கவனித்தது. கையில் வேலையில்லாத மறு பிரதி மாறி மாறிக் கடைசியில் நஞ்சாகிவிட்டது. அந்தக் குடும்பத்தின் நல்ல உறுப்பினர் நம்மிடமும் உண்டு. லிங்க்ஸ்1 என்ற புரதம், நாக நஞ்சின் அதே மூன்றுவிரல் வடிவத்தில், நம் மூளையில் உட்கார்ந்துகொண்டு நரம்புகளின் வேகத்தை மட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறது. அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் தலையை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது பல்லாவரம். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பேர்போன இதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் செம்மண் சரளைக் குழியில் ஒரு கற்கோடரியைக் குனிந்து எடுத்தார். டார்வின் தன் புத்தகத்தை வெளியிட்டு அப்போது நாலு வருஷம்கூட ஆகவில்லை. இந்தியாவில் அப்படியொரு கற்காலத்தைப் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அதே வருஷம் அவர் கண்டுபிடித்த அத்திரப்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டியெடுத்த கருவிகளுக்கு வயது 15 லட்சம் ஆண்டு. நம் இனம் தோன்றியதே சுமார் மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவில். அப்படியானால் அந்தக் கல்லைச் செதுக்கிய கை நம்முடையது அல்ல, வேறொரு மனித இனத்துடையது. நம் ஆட்கள் பின்னால், மிகப் பின்னால், கடற்கரையோரமாக நடந்து வந்தவர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பனும் மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்த ரத்தத்தில் எம்130 என்ற அடையாளத்தைக் கண்டார்கள். அது ஆண்வழியில் அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் அதே அடையாளம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை எவ்வளவு பழைய சாலை பாருங்கள்.

சொல்லாமல் விட்டது இன்னும் உண்டு: தூத்துக்குடிப் பக்கம் கண்டுபிடித்த விசிறித்தொண்டை ஓணான் ஒன்றுக்கு 'மருதம்நெய்தல்' என்றே அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது, நேரில் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கு விடுமுறை, திங்கட்கிழமை முதலைப் பண்ணைக்கு. மற்ற நாள் எதுவானாலும் ஒரு போன் போடுங்கள், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிறேன். டிக்கெட் உங்கள் செலவு, பேச்சு என் செலவு. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் மறக்காதீர்கள், கரியால் தொட்டிப் பக்கம் நிழல் கம்மி.