கொடுத்தவர் பக்கமா, கொடை பெற்றதன் பக்கமா?

செனாய் விமான நிலையத்தை நடத்தும் நிறுவனம் எம்எம்சி குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமத்தின் பின்னால் இருப்பவர், 1951-இல் அலோர் ஸ்டாரில் பிறந்த சையத் மொக்தார் அல்புகாரி. தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம்வரை ஜொகூரில் அவருடைய தொழில் பரந்திருக்கிறது. அவரைப் பற்றி இணையத்தில் தேடும் நம்மூர் மாணவருக்குத் தொழில்களோடு கொடைகளும் சேர்ந்தே எதிர்ப்படும்: கோலாலம்பூரில் 1998-இல் திறந்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவருடைய அறவாரியத்தின் பெயரைத் தாங்கி 2018 அக்டோபரில் திறந்த இஸ்லாமிய உலகக் காட்சிக்கூடம், அலோர் ஸ்டாரில் ஏழை மாணவர்களுக்கென அமைந்த பல்கலைக்கழகம்.

ஒருவர் எவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்தார் என்று வரிசையாக எழுதிவைப்பது கலைக்களஞ்சியத்தின் வேலைதானா? விக்கிப்பீடியா போன்ற தளங்களில் இது தீராத வழக்கு. எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொடைப் பட்டியல் மிக எளிதில் புகழ்மாலையாகிவிடும். அறவாரியத்தின் செய்தி அறிக்கையைச் சொல் மாறாமல் ஒட்டிவிட்டு, அதையே சான்றாகவும் காட்டுவார்கள். கூலி வாங்கிக்கொண்டு எழுதுபவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2014-இல் விதி வகுத்ததற்கு இத்தகைய எழுத்தும் ஒரு காரணம். இருந்தும் பட்டியல் வேண்டும் என்பதே என் கட்சி. இன்று அது எழுதப்படும் முறையையும், அது வைக்கப்படும் இடத்தையும்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டியலின் பயனுக்கு சாக்லர் குடும்பத்தைக் காட்டலாம். ஆக்ஸிகான்டின் என்ற வலிநிவாரணியை விற்ற பர்டூ பார்மா அவர்களுடையதாக இருந்தது. அந்த மருந்துக்கு அமெரிக்காவில் எண்ணற்றோர் அடிமையான கதை வெளிப்பட்டபோது, அவர்கள் பணம் எந்தெந்த அருங்காட்சியகங்களில் கல்வெட்டாக நிற்கிறது என்பது பொதுக் கேள்வியானது. 2019-இல் லூவர், 2021-இல் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன், 2022-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் என்று ஒவ்வொன்றாக அந்தப் பெயரை நீக்கின. யார் எங்கே கொடுத்தார் என்ற பதிவு இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. அதே வழக்கு பட்டியலின் ஆபத்தையும் காட்டுகிறது. சகோதரர்களில் மூத்தவரான ஆர்தர் சாக்லர் 1987-இல் இறந்துவிட்டார். அந்த மருந்து சந்தைக்கு வந்தது 1996-இல். ஆண்டு குறிக்காத பட்டியல் அவரையும் மற்றவர்களோடு ஒரே கூண்டில் ஏற்றிவிடும்.

ஆண்டு ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு நம்மிடமே இன்னும் ஆழமான சான்று உண்டு. பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். சென்னையில் அவர் பெயர் கொண்ட பள்ளி 1842-இல் திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். அவர் உயிலில் எழுதியது பெரும்பாலும் கோயில் சார்ந்த தருமங்களுக்கு. அந்தப் பணம் வழக்குகளில் சிக்கி, வட்டியோடு பெருகி, அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வைக்கு வந்த பிறகு, தருமங்களுக்குப் போக எஞ்சிய தொகையைக் கல்விக்குத் திருப்பினார்கள். அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டனுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ‘பச்சையப்பர் கல்விக்குக் கொடுத்தார்’ என்று ஒரே வரியில் எழுதினால் பொய்யில்லை. ஆனாலும் அந்த வரி உயிலை மறைக்கிறது, வழக்கை மறைக்கிறது, பள்ளி உண்டாகக் காரணமானவர்களை மறைக்கிறது. இந்தச் செய்திகள் அனைத்துக்கும் இயல்பான இடம், அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த பச்சையப்பன் கல்லூரியைப் பற்றிய கட்டுரை. கொடுத்தவரின் வாழ்க்கைக் குறிப்பில் அவை ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகின்றன.

சோழர் காலக் கல்வெட்டு எழுதியவர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடு கொடுத்ததாக எழுதுவார்கள். ஆடுகளை ஏற்ற மன்றாடி (இடையர்) யார், நாளொன்றுக்கு எத்தனை அளவு நெய் அளக்கவேண்டும், பொறுப்பு எந்தச் சபையைச் சேரும் என்பதையும் வெட்டிவைப்பார்கள். அந்தக் கல் நிற்பது விளக்கு எரிய வேண்டிய கோயிலில். கொடுத்தவரின் பெயர் அதில் இருக்கிறது. ஆனால் கல் முழுவதும் கொடையைப் பற்றியே பேசுகிறது.

இந்த அளவுகோலை இன்றைய பட்டியல்களுக்கு வைத்துப் பார்க்கலாம். அலோர் ஸ்டார் பல்கலைக்கழகம் 2014-இல் மூடப்பட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் இயங்கத் தொடங்கியது. கொடையாளரின் பக்கத்தில் ‘பல்கலைக்கழகம் நிறுவினார்’ என்றொரு வரி போதுமானதாகத் தோன்றும். பல்கலைக்கழகத்தின் பக்கத்திலோ மூடியதையும் திறந்ததையும் எழுதாமல் தப்பிக்க முடியாது.

இன்னொரு கோணமும் உண்டு. முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸ் ஆதரித்தவற்றின் பட்டியலை அவருடைய எதிரிகள் குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறார்கள். அந்த எதிர்ப்பின் நெருக்கடியில், அவர் நிறுவிய மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் 2019-இல் புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்குப் போகவேண்டியதாயிற்று. புகழ்ச்சிக்கும் பழிக்கும் ஒரே பட்டியல் தீனியாவது, அதில் எதற்கு, எவ்வளவு, என்ன விளைவு என்பவை இல்லாமல் பெயர்கள் மட்டும் நிற்பதால்தான்.

என் மனத்தை மிகவும் அரிப்பது, கொடையாளர் பக்கமே இல்லாத கொடைகள். 1950-களின் நடுவில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் அமையவிருந்த இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும், நூலகம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டத் தொழிலாளரும் நகரத் தொழிலாளரும் கொடுத்தார்கள். சாரங்கபாணிக்குத் தனிக் கட்டுரை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஒரு வெள்ளி கொடுத்தவருக்கு எந்தக் கலைக்களஞ்சியத்தில் பக்கம் கிடைக்கும்? நூலகத்தைப் பற்றியோ அந்த நிதியைப் பற்றியோ எழுதும் கட்டுரையில்தான் அவர்களும் கொடையாளர்கள். கொடுத்தவர் வாரியாகப் பட்டியலிடும் வழக்கம், பணக்காரர் கொடையை மட்டுமே கொடையாகக் காட்டும் வழக்கமாக மாறுவது இங்கேதான்.

ஜொகூர் தமிழ்ப்பள்ளிகளின் நிலையும் இதுவே. இணைக்கட்டடம், மண்டபம், கணினி அறை என்று கொடைநெஞ்சர்கள் கொடுத்தவை ஏராளம். விக்கிப்பீடியாவோ தனித்த, வெளியான சான்றைக் கேட்கிறது. அந்த விதி சரியானதே. அது தளர்ந்தால் யார் வேண்டுமானாலும் தன்னைத்தானே வள்ளலாக்கிக்கொள்வார். ஆனால் அதன் பாரம் எல்லார்மீதும் ஒரேபோல் விழுவதில்லை. லண்டன் காட்சிக்கூடத்துக்கு உலகப் பத்திரிகைகள் சான்று தரும். நம் பள்ளி மண்டபத்துக்குச் சான்று திறப்பு விழா மலரிலும் பழைய நாளிதழ்ச் செய்தியிலும் கிடக்கிறது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. அதன் பழைய இதழைப் புரட்டிப் பார்க்க எத்தனை தொகுப்பாளர்களால் முடியும்?

ஆகவே கொடையாளர் பக்கத்தில் இரண்டு மூன்று பெரிய கொடைகள், ஆண்டோடும் தொகையோடும், அவர் சாராத சான்றோடும் இருக்கட்டும். மற்றவை பள்ளியின் பக்கத்துக்கும் மருத்துவமனையின் பக்கத்துக்கும் நூலகத்தின் பக்கத்துக்கும் போகட்டும். பெயர் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தவரின் பெயரை அங்கும் எழுதவேண்டாம். தொகையும் பயனும் போதும். பள்ளி வாரியங்கள் தங்கள் விழா மலர்களில் இரண்டு படியைப் பொது நூலகத்தில் சேர்த்து, ஒன்றை வருடி இணையத்தில் ஏற்றிவைத்தால், செனாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு தொகுப்பாளர் நாளைக்கே அந்த மண்டபத்தைப் பற்றிச் சான்றோடு எழுதத் தொடங்கிவிடலாம்.