புகையிரதமும் ஒளிப்படமும்: திருகோணமலையிலிருந்து ஒரு விமர்சன நோக்கு

புகையிரதம் தோன்றிய காலந்தொட்டே கலைஞனின் கண்ணை அது ஈர்த்து வந்துள்ளது. 1844 இல் ஆங்கில ஓவியர் டேர்னர் மழையினூடே விரைந்துவரும் புகையிரதத்தைத் தீட்டினார். 1877 இல் பிரெஞ்சு ஓவியர் மொனே, பாரிஸ் நகரின் சென் லசார் நிலையத்தின் நீராவிப் படலத்தை மீண்டும் மீண்டும் வரைந்தார். சலனப்படக் கலையின் தொடக்க நாட்களில் லூமியர் சகோதரர் திரையிற் காட்டியவற்றுள்ளும் நிலையத்துள் நுழையும் புகையிரதமொன்று இடம்பெற்றது. இவ்வழியில் வந்த புகையிரத ஒளிப்படக்கலையை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அது எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டாது விடுகிறது என்பது ஆராயத்தக்கது.

இக்கலையில் இரு மரபுகளைக் காணலாம். ஒன்று பதிவு மரபு. மற்றது காட்சி மரபு. என்ஜின்களின் இலக்கங்களைக் குறித்துச் சேகரிக்கும் பழக்கம் பதிவு மரபின் அடிப்படை. இங்கிலாந்தில் தென் புகையிரதக் கம்பனியில் ஊழியராயிருந்த இயன் அலன் 1942 இல் என்ஜின் இலக்கங்களைத் தொகுத்து வெளியிட்ட சிறு நூல், இப்பழக்கத்தை இளைஞரிடையே ஓர் இயக்கமாகவே வளர்த்தது. காட்சி மரபோ ஒளி, புகை, மலை, பாலம் ஆகியவற்றின் அழகை நாடுவது. இவ்விரண்டையும் இணைத்தவர்களுள் அமெரிக்கரான வின்ஸ்டன் லிங்க் குறிப்பிடத்தக்கவர். நீராவி என்ஜின்கள் மறைந்துகொண்டிருந்த 1955 முதல் 1960 வரையான ஆண்டுகளில் அவர் வேர்ஜீனியாப் பகுதியில் இரவு நேரப் படங்கள் பலவற்றை எடுத்தார். அவற்றில் என்ஜின் தனித்து நிற்பதில்லை. நீராடும் சிறுவர், வீட்டு முன்னறையில் அமர்ந்திருக்கும் குடும்பம், திறந்தவெளித் திரையரங்கில் படம் பார்க்கும் காதலர் ஆகியோரின் வாழ்வினூடாகவே புகையிரதம் கடந்து செல்கிறது. மனிதரும் இயந்திரமும் ஒரே சட்டகத்துள் அமையும்போதே இக்கலை முழுமை பெறுகிறது என்பதற்கு அவருடைய படங்கள் சான்றாகும்.

2020 இல் பரவிய கொவிட் பெருந்தொற்று இவ்விரு மரபுகளையும் ஒருசேரச் சோதித்தது. இலங்கையில் அவ்வாண்டு மார்ச் 20 ஆம் திகதி நாடளாவிய ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது, புகையிரதங்கள் நின்றன. வெளிநாட்டுப் பயணிகளுக்கு மூடப்பட்ட விமான நிலையம் 2021 சனவரி 21 ஆம் திகதியே மீளத் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் கடல்கடந்து சென்று புகையிரதங்களைப் படம்பிடித்த ஆர்வலர்கள் தத்தம் வீடுகளில் முடங்கினர். எடுப்பதற்குப் புதிய படம் இல்லாதபோது கண்கள் பழைய படங்களின் பக்கம் திரும்பின. பெட்டிகளிற் கிடந்த படச்சுருள்கள் வெளிவந்தன. சாரதியின் இருக்கையிலிருந்து எடுக்கப்பட்ட நீண்ட சலனப்படங்கள் பயணத்துக்கு ஈடாகப் பார்க்கப்பட்டன.

பயணிக்க முடியாதவனின் கண் எந்த இலங்கையைத் தேடியது? பெரும்பாலும் மலைநாட்டையே. தேயிலைச் சரிவுகள், எல்லைக்கு அருகிலுள்ள தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம், பெட்டியின் வாசலிற் சாய்ந்து நிற்கும் உல்லாசப் பயணி ஆகியனவே திரும்பத் திரும்ப வரும் காட்சிகள். கோப்பியைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லவே மலைப்பாதை முதன்முதல் அவாவப்பட்டது என்பதும், சரிவுகளிற் கொழுந்து கொய்யும் கைகள் யாருடையவை என்பதும் அக்காட்சிகளில் இடம்பெறுவதில்லை. அழகு உண்டு, வரலாறு இல்லை.

மலைப்பாதைக்கு நேர்ந்தது மறைப்பு எனின், திருகோணமலைப் பாதைக்கு நேர்ந்தது புறக்கணிப்பு எனலாம். கல்லோயாச் சந்தியிற் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகக் கடலை அடையும் இப்பாதை 1927 இல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 70 கிலோமீற்றர் நீளமான இதில் வியக்கத்தக்க பாலமோ குகைத்தொடரோ இல்லை. இருப்பவை காடு, குளம், வயல்வெளி, இறுதியில் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. சீனக்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் மரங்களிடையே நிற்கின்றன. கோதுமை மா ஆலையும் அங்கேயே அமைந்துள்ளது. எண்ணெயும் மாவும் படையும் பயணிகளும் சந்திக்கும் இவ்விடத்தின் கதையைப் புகையிரதமின்றிச் சொல்ல இயலாது. ஆயினும் அழகு நாடும் கண்ணுக்கு இது வெறும் சமவெளிப் பாதை.

புறக்கணிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. இயன் அலனின் நூல் வெளிவந்த அதே 1942 இல், ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. 1957 வரை இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் வசம் இருந்தது; பின்னர் இலங்கைக் கடற்படையின் தளமாயிற்று. உள்நாட்டுப் போர்க்காலத்திலோ பாலத்தருகே கருவியுடன் நிற்பவன் கலைஞனாகக் கருதப்படும் வாய்ப்பு அரிது. ஓர் ஊரிற் சிறுவரின் விளையாட்டாயிருந்த இலக்கம் குறித்தல், மற்றோர் ஊரில் ஐயத்துக்கு இடமான செயல். படம் இல்லாமையும் ஒரு வரலாற்றுச் சான்றே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பெருந்தொற்றுக் காலத்தில் எழுந்த ஏக்கத்தையும் இப்பின்னணியிலேயே மதிப்பிட வேண்டும். பயணம் மறுக்கப்பட்டவனின் துயரம் பொய்யன்று. ஆனால் வடக்கு, கிழக்கு மக்களுக்குப் பயணத்தடை 2020 இல் அறிமுகமான ஒன்றன்று. 1956 இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவி, 1990 இல் யாழ்ப்பாணத்தை இழந்து, 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் அதனை அடைந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள்! தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்ட அப்பாதையை ஏக்கத்துடன் காட்டிய ஆர்வலர் படங்கள் மிகச் சில. ஓராண்டுத் தடையைப் பெருந்துயரெனப் பேசிய கலை, கால் நூற்றாண்டுத் தடையைக் காணாது விட்டமை அதன் பார்வை எல்லையைப் புலப்படுத்துகிறது.

எனினும் ஒரு மறுப்பை இங்கு எதிர்நோக்க வேண்டும். ஆர்வலன் வரலாற்றாசிரியனல்லன், அவன் விரும்பியதைப் படம்பிடித்தான், அவனிடம் சமூக ஆய்வை எதிர்பார்த்தல் தகுமா என ஒருவர் வினவலாம். வினா நியாயமானது. விடையும் அவ்வார்வலனின் குறிப்பேட்டிலேயே உள்ளது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1950களில் வழங்கிய டீசல் என்ஜின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேட்டா, மனிற்றோபா என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. இவற்றுள் 591 என்னும் இலக்கமுடைய மனிற்றோபா, 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி பெரலியவில் ஆழிப்பேரலை கவிழ்த்த புகையிரதத்தை இழுத்துச் சென்ற என்ஜினாகும். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். பழைய படமொன்றில் 591 என்னும் இலக்கத்தைக் காண்பவன் பனிப்போர்க்கால உதவி அரசியலையும், ஓர் இயந்திரத்தின் உழைப்பையும், ஒரு நாட்டின் பேரிழப்பையும் ஒருங்கே காண்கிறான். வறட்டுப் பழக்கமென எள்ளப்படும் இலக்கம் குறித்தலே வரலாற்றுக்கு வாயிலாகிறது. ஆகவே பதிவு மரபு குறித்து வைப்பதிற் குறை காண்பதற்கில்லை. என்ஜினோடு நின்றுவிடுவதே அதன் குறை.

கிழக்கின் புகையிரத ஒளிப்படம் எவ்வாறு அமையலாம்? கொழும்பிலிருந்து இரவு முழுதும் பயணித்து விடியலில் இறங்கிய பயணியின் முகம், தம்பலகாமத்து வயலின் நடுவே நிற்கும் சிறு நிலையம், மா மூட்டைகளை ஏற்றும் தொழிலாளியின் தோள் ஆகியன அதன் பொருளாகலாம். 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி கல்லோயாவுக்கு அருகில் புகையிரதம் மோதி ஆறு யானைகள் மாண்டன. காட்டை ஊடறுக்கும் பாதையின் விலையை அக்காட்சி உணர்த்தியது. அழகிய படமன்று, ஆயினும் இப்பாதையின் உண்மைகளுள் ஒன்று. இத்தகைய படங்களுக்கு ஆர்வலனிடமிருந்து பெறவேண்டியது ஒன்றுண்டு: இடம், ஆண்டு, இலக்கம் ஆகியவற்றைப் பிழையின்றிக் குறிக்கும் ஒழுக்கம். அதனுடன் ஏற்றப்பட்ட பொருளும் ஏறிய மனிதரும் குறிக்கப்படின் படம் ஆவணமாகும்.

ஓய்வுபெற்ற புகையிரத ஊழியரின் இல்லங்களிலும் பழைய குடும்பத் தொகுப்புகளிலும், நிலைய மேடையில் எடுத்த பிரியாவிடைப் படங்களும் என்ஜின் முன் நின்ற குழுப் படங்களும் இருத்தல் கூடும். ஒளிப்படக்கலைக்கு அவை சிறியன. பிரதேச வரலாற்றுக்குப் பெரியன. அவற்றைத் தேடித் தொகுத்துக் குறிப்பெழுதுதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கத்தக்க பணியாகும். படத்தில் இருப்போரின் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் முதுமையெய்தி வருகின்றனர்; இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.