சமுதாயக் கல்லூரி: வாசல் உண்டு, மாடிப்படி இல்லை

வானூர் வட்டத்து இரும்பையிலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நடுவில் ஒரு மாநில எல்லை. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரியைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் அந்த லாஸ்பேட்டையில்தான் தொடங்கியது. மறு ஆண்டே சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் ஒன்றைத் திறந்தது. சேசு சபைத் தந்தை சேவியர் அல்போன்ஸ் இந்த முறையைத் தமிழகமெங்கும், பிறகு நாடெங்கும் கொண்டுபோனார். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதில் படித்தவர்களுக்குப் பட்டயம் வழங்கியது. 2009இல் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தனித்தனித் திட்டங்களோடு வந்தன. முப்பது ஆண்டுக் கதை இது. இரும்பை, மரக்காணம் பக்கத்துப் பிள்ளைக்கு இதனால் என்ன கிடைத்தது, அதற்கு அந்தக் குடும்பம் என்ன கொடுத்தது என்று கணக்குப் பார்க்க முப்பது ஆண்டு போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிது. பத்தாம் வகுப்பில் தவறியவன், பன்னிரண்டு முடித்துக் கல்யாணத்துக்குக் காத்திருப்பவள், பள்ளியை நடுவில் விட்டுக் கூலிக்குப் போனவன் ஆகியோருக்கு மற்றக் கல்லூரிகள் எளிதில் கதவு திறப்பதில்லை. மதிப்பெண் கேட்காமல், வயது கேட்காமல் உள்ளே விட்டது சமுதாயக் கல்லூரி. வந்தவர்களுக்கு முதலில் வாழ்க்கைத் திறன் என்று சில மாதம் பாடம்: நாலு பேர் முன்னால் எழுந்து பேசுவது, விண்ணப்பம் எழுதுவது, ஓரளவு ஆங்கிலம், கணினி. அதன்பின் தொழிற்பாடம், பிறகு மருத்துவமனையிலோ பட்டறையிலோ ஹோட்டலிலோ நேரடிப் பயிற்சி. மூன்றாண்டு கலைக் கல்லூரியில் படித்தும் ஒரு நேர்காணலில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த முதல் சில மாதத்தின் அருமை தெரியும். இந்த முறையின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு அதுதான் என்பேன்.

செலவுக்கு வருவோம். கட்டணம் குறைவு என்பதே இக்கல்லூரிகளின் பெருமை. ஆனால் கட்டணம் செலவின் ஒரு துண்டு மட்டுமே. தமிழக அரசின் மகளிர் இலவசப் பயணம் அரசு நகரப் பேருந்தோடு சரி. புதுச்சேரிக்குள் ஓடும் தனியார் பேருந்தில் சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். பயிற்சிக் காலத்தில் சீருடை, காலணி, வெளியில் மதியச் சாப்பாடு. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு ஒன்று உண்டு: படிப்பு நடக்கும் ஓராண்டில் போகாத கூலி. பதினெட்டு வயதுப் பிள்ளை சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கோ ஆரோவில் பக்கத்து விடுதி வேலைக்கோ போனால் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வரும். அதை விட்டுத்தான் அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். எந்த விளம்பரத் தாளிலும் இந்தத் தொகை அச்சாவதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இதற்கு ஓரளவு ஈடு. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஆனால் தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்கள் புதுமைப் பெண்ணுக்கு வெளியே நிற்கிறார்கள்.

மரக்காணம் உப்பளக் குடும்பங்களுக்கு இன்னொரு இடைஞ்சல். தை பிறந்ததும் பாத்தி சீராக்குவார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில்தான் உப்பு வாருவது உச்சத்துக்குப் போகும். ஐப்பசி மழை இறங்கினால் வேலை நின்றுவிடும், கையில் காசும் நின்றுவிடும். கல்லூரிக்கு மார்ச் முதல் மே வரை தேர்வும் பயிற்சியும்; ஆண்டு நடுவில் வரும் கட்டணத் தவணை மழைக்காலத்தில் வந்து நிற்கும். ஊருக்காக உண்டான கல்லூரி ஊரின் பருவத்தைப் பார்க்காமல் பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்தே நடக்கிறது. மழை மாதங்களில் வகுப்பை நெருக்கமாக வைத்து, வெயில் மாதங்களில் தளர்த்த முடியாதா? ஓராண்டுப் பட்டயத்துக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை.

பலன் என்ன? படித்து முடித்த கையோடு வேலை கிடைத்தவர்களின் விழுக்காட்டைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பெண்கள் அதிகம் சேரும் ஹெல்த் அசிஸ்டென்ட் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி எடுத்த சிறிய மருத்துவமனையிலேயே பலருக்கு வேலை அமைந்துவிடும். விழுக்காடு நன்றாகவே இருக்கும். அப்படி வேலைக்குச் சேர்ந்தவள் ஊசி போடக் கற்றிருப்பாள், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பாள், இரவுப் பணி பார்ப்பாள். ஆனால் செவிலியர் மன்றத்தின் பதிவு ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்களுக்குத்தான். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அங்கே செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கவே பதிவு எண் வேண்டும். ஐந்தாண்டு அனுபவம் இருந்தாலும், ஜி.என்.எம். படிக்கப் போனால் முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பட்டயம் கொடுத்தவர்கள் இதைச் சேர்க்கையன்றே சொல்லியிருக்க வேண்டும். முதல் வேலையை வைத்து அளந்தால் வெற்றி. ஐந்தாம் ஆண்டுச் சம்பளத்தை வைத்து அளந்தால் அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

அரசு வேலைப் பக்கமும் அடைப்புதான். 2009 ஆகஸ்டில் வந்த தமிழக அரசாணை 107, பத்து, பன்னிரண்டு, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்த பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும் என்றது. பள்ளியை விட்டவனை அழைத்துக்கொண்டதுதான் சமுதாயக் கல்லூரியின் சிறப்பு. அவன் பின்னாளில் திறந்தநிலையில் பட்டமே வாங்கினாலும், பன்னிரண்டு இல்லையென்றால் கதவு சாத்தியே இருக்கும். இக்னோவின் திட்டமோ நூற்றுக்கணக்கான கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு சில ஆண்டுகளிலேயே முடங்கியது.

வீடுகளில் பெண் பார்க்க வருகிறவர்கூட "டிகிரியா, டிப்ளமாவா?" என்றுதான் கேட்கிறார். லாஸ்பேட்டைக் கல்லூரியே பிற்பாடு பி.காம்., பி.சி.ஏ. போன்ற பட்டப்படிப்புகளுக்கு இடம் கொடுத்ததில் எனக்கு வியப்பில்லை. அதைத் தடம் மாறிவிட்டதாகக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் கேட்டது மேலே ஏற ஒரு படி. கல்லூரி தன்னாலான ஒரு படியைப் போட்டது. ஆனால் மதிப்பெண் இல்லாத பிள்ளைக்கு அங்கே இடம் சுருங்கியதும் அதே கணக்கில்தான் சேரும்.

1901இல் ஜோலியட் நகரில் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கிய அமெரிக்காவிலும் இதே நோய். அங்கே சேருபவர்களில் ஐந்தில் நால்வர் பட்டம் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்கள். ஆறாண்டுக்குள் வாங்குபவர் ஏறக்குறைய ஆறில் ஒருவர். இத்தனைக்கும் அங்கே பாட மதிப்பைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போக வழி இருக்கிறது.

இங்கே அந்த வழி காகிதத்தில் உண்டு. மானியக் குழுவின் பி.வோக். திட்டத்தில் ஓராண்டு முடித்தால் பட்டயம், ஈராண்டுக்கு மேல்நிலைப் பட்டயம், மூன்றாண்டுக்குப் பட்டம். நடுவில் வேலைக்குப் போய்த் திரும்பி வரலாம். உப்பளத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. கிராமத்துச் சமுதாயக் கல்லூரிகளின் ஓராண்டுப் பட்டயம் இதன் முதலாண்டாகக் கொள்ளப்பட வேண்டும். கல்லூரி தன் பழைய மாணவியை மூன்றாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் தேடிப் போய்ச் சம்பளம் கேட்டு எழுதி, அந்தத் தாளைச் சேர்க்கை நாளில் வாசலிலேயே ஒட்ட வேண்டும். இரும்பையிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறி வரும் அம்மா, கட்டணப் பட்டியலுக்கு முன்னால் அதைப் படிக்கட்டும்.