உடலும் மண்ணும்: மலினோவ்ஸ்கியின் இரு நூல்கள்

போலந்து நாட்டவரான பிரானிஸ்லாவ் மலினோவ்ஸ்கி, முதல் உலகப்போர்க் காலத்தில் நியூகினியின் கிழக்கேயுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று எழுதிய நூல்கள் மானிடவியலின் போக்கையே மாற்றின. அவற்றுள் 1929இல் வந்த ‘வடமேற்கு மெலனீசியக் காட்டுமிராண்டிகளின் பாலியல் வாழ்வு’ பரவலாகப் பேசப்பட்டது. தலைப்பே பாதி வாசகரை ஈர்த்திருக்கும்! அம்மக்களின் பயிர்த்தொழிலைப் பற்றி 1935இல் அவர் இரு தொகுதிகளாக எழுதிய ‘பவளத் தோட்டங்களும் அவற்றின் மந்திரமும்’ அத்துணைப் புகழ் பெறவில்லை. உடலை ஒரு நூலிலும் மண்ணை மற்றொன்றிலும் வைத்ததே அவர் பணியின் பெருங்குறை என்பேன். அம்மக்கள் அவற்றைப் பிரித்தறியார்.

அங்கே மரபுரிமை தாய்வழியது. ஒவ்வொரு குலமும் தன் முன்னோர் குறிப்பிட்டதோர் இடத்தில் நிலத்தடியிலிருந்து மேலே வந்தனர் என்று நம்புகிறது; அந்நிலத்தின்மீது அதற்குள்ள உரிமைக்கு அக்கதையே சான்று. இறந்தோரின் ஆவிகள் தூமா தீவில் வாழ்ந்து, மூப்பெய்தியபின் மீண்டும் இளமை பெற்று, குழந்தை உயிராகித் தம் குலப் பெண்ணிடமே திரும்புகின்றன. கருவில் தந்தைக்குப் பங்கில்லை என்பது அவர்கள் கொள்கை. ஆயினும் பிள்ளையின் முகம் தந்தையுடையது என்பர். தாயின் சாயல் என்று சொல்வது இழிவுரையாகும். மடியிலிட்டு ஊட்டி வளர்ப்பவன் தந்தையன்றோ?

இக்கொள்கையை மலினோவ்ஸ்கி அறியாமை எனக் கொண்டார். 1966இல் எட்மண்ட் லீச் ‘கன்னிப்பேறு’ பற்றி ஆற்றிய உரையில் இதனை மறுத்தார். மரியன்னையைக் கன்னித்தாய் என ஏற்போர் பிள்ளைப்பேற்றின் இயல்பை அறியாதவரோ என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வொப்பீடு நம்முள் சிலருக்கு உவப்பளிக்காது. எனினும் வாதம் வலியது. நாம் நம்பினால் மறைபொருள், பிறர் நம்பினால் பேதைமை என்பது நேர்மையாகாது.

வள்ளிக்கிழங்கின் செய்தி இன்னும் நுட்பமானது. ஓர் ஆடவன் தன் விளைச்சலின் சிறந்த பகுதியை உடன்பிறந்தாளின் கணவனுக்கு அளிக்கிறான். இடைவெளிவிட்டு மரங்களை அடுக்கிய களஞ்சியத்தில் அது ஊரார் காண நிற்கும். கொடுத்தவனுக்கு என்ன பயன் என்பதற்கு, 1971இல் அங்குச் சென்ற அனெட் வீனர் தம் 1976ஆம் ஆண்டு நூலில் விடை தருகிறார். பெண்கள் உலர்ந்த வாழையிலைகளைக் கட்டுகளாக்கிச் சேர்த்து, தம் குலத்தார் இறக்கும்போது பகிர்ந்தளிக்கின்றனர். அதுவே பெண்களின் செல்வம். காதலைப் பற்றி ஐந்நூறு பக்கங்களுக்குக் குறையாது எழுதிய மலினோவ்ஸ்கி இதனைப் பொருட்படுத்தவில்லை. கிழங்கைப் பெற்ற கணவனே, மனைவியின் குலத்தில் ஒருவர் இறந்தால், அவளுக்கு இலைக்கட்டுகள் தேடித் தரக் கடன்பட்டவன்.