நாலு இஸ்பேட் கேட்கலாமா?

சித்தூர், திருப்பதிப் பக்கம் சீட்டுக்கட்டைப் பிரித்தால் ரம்மிதான். செகந்திராபாத் கிளப் ஒன்றின் மீது ஆந்திர அரசு நடத்திய வழக்கில், 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமையின் ஆட்டம் என்று சொன்னது. அப்போது அது உரைகல்லாக எடுத்துக்கொண்டது பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தை. அந்த பிரிட்ஜில்தான் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் நமக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள்.

பிரிட்ஜைப் பார்ப்பவர்கள் சீட்டு இறங்கும்போதுதான் கண்ணை விரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் ருசி அதற்கு முன்பே, இரண்டு ஜோடிகளும் மோதிக்கொள்ளும் ஏலத்தில் இருக்கிறது. 304 என்ற சீட்டாட்டம் ஆடியவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம்: கையைப் பார்த்துக் கேட்க வேண்டும், கேட்டதை எடுத்துக் காட்ட வேண்டும்.

ஒரு கட்டத்தை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். நீங்களும் கூட்டாளியும் மூன்று இஸ்பேட் வரை ஏறிவிட்டீர்கள். எதிராளி நாலு ஆர்ட்டின் என்கிறார். அதாவது ஆர்ட்டினைத் துருப்பாக வைத்து, 13 பிடிகளில் 10 எடுப்பேன் என்கிறார். நீங்கள் நாலு இஸ்பேட் கேட்பதா, விடுவதா?

உங்கள் பக்கம் ஒன்பது இஸ்பேட், அவர்கள் பக்கம் ஒன்பது ஆர்ட்டின் என்று வையுங்கள். பிரெஞ்சுக்காரர் ழான் ரெனே வெர்ன் 1969-ல் விளக்கிய விதிப்படி, இரு பக்கமும் அவரவர் துருப்பில் எடுக்கக்கூடிய பிடிகளைக் கூட்டினால் ஏறக்குறைய அந்த ஒன்பதும் ஒன்பதும் சேர்ந்த 18 வரும். அவர்களுக்கு 10 கிடைக்குமானால் உங்களுக்கு 8. நாலு இஸ்பேட் கேட்டு, எதிராளி ‘டபுள்’ சொல்லி அபராதத்தை ஏற்ற, இரண்டு பிடி குறைந்தால் 300 புள்ளி போகும். விட்டிருந்தால் அவர்களுக்கு 420. ஆக, தோற்பதற்கென்றே கேட்பதும் லாபம்! ஆனால் அவர்களுக்கு 9 பிடிதான் என்றால் கதை மாறிவிடும்: சும்மா இருந்தாலே 50 வந்திருக்கும், கேட்டதால் 100 போகும். இன்னொன்று, உங்கள் பக்கம் ‘வல்னரபிள்’ நிலையில், அதாவது அபராதம் கூடுதலாக விழும் நிலையில் இருந்தால் அதே இரண்டு பிடிக்கு அபராதம் 500.

சீட்டு மாறவில்லை, கணக்கு மட்டும் புரண்டுவிட்டது. அங்கேதான் ஆளின் தரம் தெரியும். ஆர்ட்டினில் ராணியும் ஜாக்கியும் கையில் இருந்தால் தேர்ந்தவர் விடுவார்; அவை எதிராளியைத் தடுக்க உதவுமே தவிர, தன் இஸ்பேட் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் உதவா. ஆர்ட்டின் ஒன்றே ஒன்றுதான், இஸ்பேட் நீளம் என்றால் ஏறுவார். கூட்டாளி எதைக் கேட்டார் என்பதோடு, எதைக் கேட்காமல் விட்டார் என்பதையும் சேர்த்து எடைபோடுவார். ஆனால் கூட்டாளி தயங்கியதை வைத்து முடிவெடுக்கக் கூடாது, அது விதிமீறல். பெரிய போட்டிகளில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்காதபடி மேஜைக்குக் குறுக்கே திரையே வைத்துவிடுகிறார்கள்.

துணிந்து ஏறியவரைப் பாராட்ட எல்லோரும் இருக்கிறார்கள். நல்ல கையை வைத்துக்கொண்டு ‘பாஸ்’ போட்டவரைத்தான் நான் தேடிப் பார்ப்பேன்.

இணையத்தில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் பெரிய ஆட்டங்களைப் பார்க்கலாம். நாலு கையும் திறந்தே தெரியும், அது வேண்டாம். மூன்று கைகளை மறைத்துவிட்டு ஒருவர் கையை மட்டும் பாருங்கள். அவர் கேட்பதற்கு முன் நீங்கள் முடிவு செய்துவிடுங்கள்.