மொஹேர்: விளிம்பு இல்லாத ஆடை

மொஹேர் ஸ்வெட்டரைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் 'மென்மை' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. மென்மைதான் வேண்டுமென்றால் பஷ்மினா இருக்கிறதே? மொஹேர் சில நேரம் கழுத்தில் குத்தக்கூடச் செய்யும். அதன் ஈர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஆடைக்கு விளிம்பே கிடையாது. தோள் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

இதற்குக் காரணம் இழையிலேயே இருக்கிறது. மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் முடி. (அங்கோரா முயல் வேறு, அதன் முடி மொஹேர் ஆகாது.) செம்மறிக் கம்பளியின் இழைமேல் செதில்கள் துருத்திக்கொண்டிருக்கும், இதில் அவை தட்டையாகப் படிந்திருக்கும். அந்தப் பளபளப்பு அப்படி வருவதுதான். நூலைக் கம்பித் தூரிகையால் வாரி, முடியை எழுப்புகிறார்கள். அந்த மெல்லிய நூலைத் தடித்த ஊசியில் தளர்வாகப் பின்னினால் கண்ணிகளுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இருக்கும். எழும்பி நிற்கும் முடி அதையெல்லாம் மூடிவிடும். உடுத்துகிறவர் சுமப்பது பாதிக்கு மேல் காற்றைத்தான். கனமே இல்லாத கதகதப்பு என்பது இதுதான்.

1970களின் பிற்பகுதியில், லண்டன் கிங்ஸ் ரோட்டில் விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் நடத்திய 'செடிஷனரீஸ்' கடை இந்தத் தளர்வையே ஒரு மொழியாக்கியது. அதுவரை மொஹேர் என்றால் நாகரிகம், சொகுசு. அவர்கள் அதே முடியை அள்ளிப்போட்டதுபோலப் பின்னி, தோலும் உள்சட்டையும் தெரிய விட்டார்கள். பாட்டி பின்னிய ஸ்வெட்டரை யாரோ கோபத்தில் பின்னியதுபோல இருக்கும். ஜானி ராட்டன் அணிந்தது இந்த வகைதான். இந்த முரண்தான் அதன் வெற்றி என்பேன். முரட்டுத்தனத்தை முரட்டுத் துணியில் காட்ட எவராலும் முடியும். அதைப் பஞ்சுபோன்ற ஒன்றில் காட்டுவதுதான் கஷ்டம்.

1993 நவம்பரில் நியூயார்க்கில் எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சிக்கு கர்ட் கோபேன் போட்டுவந்த கார்டிகன் இன்னொரு திசை. உண்மையில் அது அக்ரிலிக், மொஹேர், லைக்ரா மூன்றும் கலந்தது. ஒரு பொத்தான் இல்லை, பைப்பக்கம் சிகரெட் சுட்ட ஓட்டை. வெஸ்ட்வுட்டின் பின்னல் உடம்பைக் காட்டியது; இது உடம்பை ஒளித்துக்கொள்ள உதவியது. 2019இல் அது 3,34,000 டாலருக்கு ஏலம் போனது. துவைக்காமலே! தேய்ந்துபோவதற்கென்றே பிறந்த ஒரு துணியைத் தேயவிடாமல் கண்ணாடிக்குள் வைப்பது எனக்குக் கொஞ்சம் அபத்தமாகப் படுகிறது.

ஆனால் விளிம்பை மறைக்கும் முடி வேறு சிலதையும் மறைக்கும். முதலில், மட்டமான பின்னலை. பின்னுகிறவர்களைக் கேளுங்கள்: மொஹேரில் பிசகிய கண்ணி பார்வைக்குத் தெரியாது, ஆனால் பிரித்துத் திருத்தப் போனால் முடி ஒன்றோடொன்று பிணைந்து உயிரை வாங்கும். இரண்டாவது, ஆட்டை. ஆறு மாதக் குட்டியின் முதல் முடிதான் மிக மெல்லியது. வயது ஏற ஏற அது தடிக்கும். நாம் தொட்டு ரசிப்பது ஒரு குட்டியின் வயதை. உலக மொஹேரில் ஏறக்குறைய பாதியைத் தரும் தென்னாப்பிரிக்காவின் பண்ணைகளில் ஆடுகள் வதைக்கப்படுவதைக் காட்டும் வீடியோவை 2018இல் பீட்டா வெளியிட்டது. எச் அண்டு எம், ஸாரா போன்ற பெரிய கடைகள் மொஹேரையே கைவிடுவதாக அறிவித்தன. 2020இல், ஆட்டை நடத்தும் முறைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் விதிகள் வகுத்த தரச்சான்று ஒன்று வந்தது.

அதற்காக மொஹேரை ஒதுக்கச் சொல்லவில்லை. கத்தரிக்காவிட்டால் அந்த ஆட்டுக்கும் முடி பாரம்தான். கேள்வி, யார், எப்படிக் கத்தரித்தார்கள் என்பது. அக்ரிலிக் நகலும் பதில் இல்லை, அது பிளாஸ்டிக். நல்ல மொஹேர் ஆடையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் முடிக்குப் பின்னால் கண்ணிகள் வரிசையாகத் தெரியும். மங்கலுக்கு அடியில் ஒழுங்கு இருக்கும். ஆடையிடம் நாம் கேட்கும் அதே தெளிவை அதன் சீட்டிடமும் கேட்கலாம். எவ்வளவு சதவீதம், எங்கிருந்து வந்தது, சான்று உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத ஸ்வெட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் அதை நல்ல ஆடை என்று சொல்லமாட்டேன்.