ஆஸ்டெரிஸ்க் மென்பொருளில் கோடெக் விரிவாக்கம்

குரலைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிப்பது கோடெக். 1999இல் மார்க் ஸ்பென்சர் உருவாக்கிய ஆஸ்டெரிஸ்க் என்னும் தொலைபேசி மென்பொருள், கோடெக் ஒன்றுக்கு ஒரு பிட் என 32 பிட் எண்ணில் அவற்றைக் குறித்தது. ஒப்பிட எளிய முறைதான். ஆனால் படம், காணொளி வடிவங்களும் அதிலேயே அடங்க வேண்டியிருந்தது. 2010இல் வந்த 1.8 பதிப்பு அதை 64 பிட்டாக்கிச் சிக்கலைத் தள்ளிப்போட்டது. மாதிரி வேகம் போன்ற பண்புகளை ஒற்றை பிட் சுமக்காது. 2011இல் 10ஆம் பதிப்புதான் இம்முறையைக் கைவிட்டது.

எனினும் பட்டியல் நீண்டதால் மட்டும் குரல் தெளிந்துவிடவில்லை. பழைய ஜி.711 வினாடிக்கு 8000 மாதிரிகளே எடுப்பதால், 4000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி விடுபடும். ‘சிவகாசி’யில் வரும் சகரத்தின் உரசொலி பெரும்பாலும் அங்கேதான் உள்ளது. வழியில் ஓர் இணைப்பு ஜி.711க்கு மாற்றினாலும், ஆலங்குளத்தில் கேட்பவருக்கு அவ்வொலி எட்டாது.